ஏற்றுமதி ஆவணங்களில் தேதிகள்

கொல்கத்தாத் துறைமுகத்தில் ஏற்றப்படும் தேயிலைக்கும் சணற்பொருளுக்கும், லெட்டர் ஆஃப் கிரெடிட் எனப்படும் கடன் உறுதிக் கடிதத்தின்படி வங்கி பணம் வழங்குவது ஆவணங்களைப் பார்த்தே. சரக்கைப் பார்த்து அல்ல. ஹூக்ளி ஆற்றில் நீரேற்றத்திற்காகக் கப்பல் காத்துக் கிடக்கலாம். ஆயினும் கணக்கிற்குரியது அது புறப்பட்ட நாள் அல்ல. பில் ஆஃப் லேடிங்கில் கண்ட, சரக்குக் கப்பலேறிய நாளே. 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி, கடிதம் வேறு கெடு விதிக்காதபோது, அந்நாளிலிருந்து 21 நாட்களுக்குள், கடிதம் காலாவதியாகுமுன், ஆவணங்கள் வங்கியை அடைதல் வேண்டும்.

துர்கா பூஜை விடுமுறையில் இக்கெடு முடிந்தால், வங்கி திறக்கும் அடுத்த நாள் வரை அது நீளும். சரக்கேற்றுவதற்குரிய கடைசி நாளோ நீளாது. பூஜை நாட்களில் கிடங்கிலேயே தங்கிவிட்ட சரக்கிற்கு, வாங்குவோர் வழியே கடிதத்தைத் திருத்தச் செய்யாவிடில், ஒரு நாள் தாமதத்தைக் காட்டியும் வங்கி பணம் மறுக்கலாம்.