அசோகு என்று நினைத்து உரித்த பட்டை

வங்கியில் இருந்தவரை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காசோலைக்கும் பணம் கொடுத்ததில்லை. விருப்ப ஓய்வு வாங்கி உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்கு வந்த பிறகு, ஒரு மரப்பட்டையை ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

என் வீட்டம்மாவுக்கு அப்போது 49 வயது. மாதவிலக்கு நிற்கப்போகும் பருவம். வந்தால் பத்து நாளைக்கு உதிரப்போக்கு நிற்காது. "அசோகப்பட்டைக் கசாயம் குடிச்சாச் சரியாப் போயிருமுங்க" என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். வேலியோரம் நெட்டையாக நின்ற 'அசோகா' மரத்தில் உரித்துக் காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு மாதம் போனது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது அவருக்கு.

பட்டையோடு சித்த மருத்துவரிடம் போனோம். "இது நெட்டிலிங்கமுங்க. முதல்ல ஸ்கேனும் ரத்தமும் பாத்துட்டு வாங்க" என்றார். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஹீமோகுளோபின் 7. அந்த இரண்டு மாதம் என் கணக்கில்தான் சேரும்.

நெட்டிலிங்கத்துக்குத் தனித்தனி இலை, ஓரம் நெளிநெளியாக இருக்கும். பூ வெளிர்பச்சை, கண்ணுக்கே தெரியாது. நிஜ அசோகு குடைபோல் படரும். ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக இலைகள், கொழுந்து செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். ஆரஞ்சும் சிவப்புமாகப் பூங்கொத்துகள் கிளையை ஒட்டியே பூக்கும், பிறகு பட்டையான காய் வரும். காய்ந்த பட்டையாகக் கடைக்கு வந்துவிட்டால் நம்மால் பிரித்தறிய முடியாது. நெட்டிலிங்கப் பட்டையை அசோகு என்று விற்பது நாடு முழுக்க நடக்கிறது. காட்டில் வெட்டி வெட்டி அசோகு அருகிவிட்டதும் ஒரு காரணம்.

ஆகவே நாமே வளர்ப்போம். நிழலும் ஈரமும் பிடித்த மரம், தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரம் தோதானது. விதையைச் சேர்த்து வைக்காமல் உடனே போடுங்கள், சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும். பட்டை எடுத்தால் ஒரு பக்கம் மட்டும். சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியது உளுந்தங்களி. கருப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்து அரைத்து, கருப்பட்டிப் பாகில் கிளறி நல்லெண்ணெய் விடுங்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது. ஆனால் இது உணவு. இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதில் ஆகாது.

மாதவிலக்கு நின்று ஒரு வருசம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கசாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். "இதைப் போய் எப்படிச் சொல்றது" என்று பெண்கள் தயங்குவார்கள். ஆண்கள் நாமே கேட்டுவிடுவோம்.

வீட்டம்மா சிகிச்சைக்குப் பின் தேறிவிட்டார். வாய்க்கால் ஓரம் இரண்டு அசோகு வைத்திருக்கிறோம். தண்ணி விடுவது அவர்தான். என்னை நம்பி விடுவதில்லை.