பெரெம்பாங் மரத்துக்கு நிலவரிச் சலுகை

மின்மினி காணக் கம்போங் குவாந்தானில் படகேறும் அன்பர்கள், அவை அமரும் பெரெம்பாங் மரத்தின் பூவைக் கவனிப்பது அரிது. அப்பூ இரவில் மலரும். தேன் குடிக்க வௌவால்கள் வரும். அவற்றுள் ஓரினம், முருகப் பெருமான் எழுந்தருளியுள்ள பத்துமலைக் குகைகளில் வாழ்கிறது. ஒரே இரவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பறந்து அவை கடலோரச் சதுப்பு மரங்களை நாடுவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவையும் இவையே. டுரியான் பூப்பது சில வாரங்கள்தாம். மற்ற நாளில் இவற்றுக்குச் சோறு போடுவதில் பெரெம்பாங் வகை மரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆற்றோரத்து மரம் சாய்ந்தால் மேட்டு நிலத்து டுரியானுக்கும் கேடு.

இத்தகைய சேவையின் விலை தோட்டத் தமிழருக்குப் புதிதன்று. 1981க்கு முன் செம்பனையில் மகரந்தத்தைத் திரட்டி, மாவுத்தூள் கலந்து, பாளை பாளையாகக் கையால் தூவினார்கள். என் தாயாரும் அவ்வேலை செய்தவர். அவ்வாண்டு கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. கூலியில்லாமல் அது அவ்வேலையை எடுத்துக்கொண்டது.

சிலாங்கூர் ஆற்றங்கரையை 2009இல் மாநில அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது நல்ல காரியம். ஆயினும் மின்மினிப் புழு நத்தை தின்று வளர்வது கரைக்குப் பின்னுள்ள ஈர நிலத்தில். அங்கே தனியார் நிலமும் உண்டு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழில் என மூன்றே வகை காட்டுகிறது. விவசாய நிலத்தைத் தொடர்ந்து பயிரிட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. மரத்தை அப்படியே விட்டுவைத்தவர் அச்சட்டத்தின் கண்ணில் நிலத்தைத் தரிசு போட்டவர் ஆகிறார். அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்கு நன்கொடை தந்தால் வருமான வரியில் கழிவு உண்டென்பதை நன்கொடையாளர்கள் அறிவர். 2019 முதல் மத்திய அரசு இயற்கைப் பாதுகாப்புக்கென மாநிலங்களுக்குத் தனி நிதி வழங்குகிறது; முதலாண்டு ஒதுக்கீடு 6 கோடி ரிங்கிட். அது மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது, கரைநிலத்துக்காரர் கைக்கன்று.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1995 முதல், காட்டுயிருக்காக நிலத்தைப் பேணினாலும் விவசாய நிலத்துக்குரிய குறைந்த வரியே நீடிக்கலாம். 2012இல் 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்புக்கும் அது நீண்டது. அத்தேனீ ஐரோப்பாவிலிருந்து வந்தது, உள்ளூர்ப் பிறவியன்று. அந்தப் பாதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நமக்கு வௌவாலும் மின்மினியும் இருக்கின்றன.

நிலவரி மாநில அரசின் அதிகாரம். ஆகையால் புத்ராஜெயா வரை போக வேண்டாம். பெரெம்பாங், ரும்பியா நின்ற ஏக்கருக்கு வரியில் பாதி தள்ளுபடி, அதைத் தரிசென்று கருதாத ஒரு விதி, இரண்டும் போதும். மே 31க்குள் வரி கட்டப் போகும் அன்பர்கள் மாவட்ட நில அலுவலகத்தில் இக்கோரிக்கையை எழுத்தில் கொடுக்கலாம். ஆற்றோரம் நிலமுள்ள ஆலய நிர்வாகங்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.