பாட்டியின் சுங்குடி

கேள்வி: பாட்டி உடுத்திய சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகள் நைந்துவிட்டன. வெட்டிப் பொம்மையோ மேலாடையோ தைப்பது பாவமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பாவமே இல்லை, சகோதரி. பீரோவுக்குள் மடிப்போடு இற்றுப்போக விடுவதுதான் தவறு. துணியில் சிற்பங்கள் செய்த அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட், ஆடை வடிவமைப்பாளரான தன் தாய் வில்லி போசியுடன் சேர்ந்து 1980-இல் ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’ என்ற ஒட்டுத்துணி விரிப்பை உருவாக்கினார். அது இன்று அருங்காட்சியகச் சொத்து. நம் நாட்டுச் சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சிட்டே பிரம்மாண்டமான உருவங்களைப் படைத்தவர்.

உறுதியான முந்தானையை மேலாடைக்கு எடுங்கள். நைந்த பகுதிக்கு உள்ளே மல் துணி கொடுத்துத் தைத்து, இலவம்பஞ்சு அடைத்தால் பொம்மை தாங்கும். வெட்டுமுன் முழுச் சேலையையும் படமெடுத்து, எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். கிழியாத சேலை ஒன்று இருந்தால் அதை வெட்டாதீர்கள், நீங்களே உடுத்துங்கள்.