நீர்ப்பம்பியும் நீர்த்தாங்கியும் பராமரிக்கும் முறை

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டச் செய்கை கிணற்று நீரையே நம்பியுள்ளது. முன்னர் துலாவும் சூத்திரமும் செய்த வேலையை இன்று நீர்ப்பம்பி செய்கின்றது. கோடையில் இறைப்பு முறை தவறுமாயின் வெங்காயமும் மிளகாயும் சில நாட்களிலேயே வாடத் தொடங்கும். பம்பி பழுதுபடுவதும் பெரும்பாலும் ஓய்வின்றி இறைக்கும் அக்காலத்திலேயாம். ஆயினும் இப்பழுதுகளிற் பல முன்னரே அறிகுறி காட்டுவன. அவற்றை அறிந்து காலத்தில் திருத்தும் கமக்காரருக்கு ஓர் இறைப்பேனும் தவறாது.

இயக்குமுன்

பம்பியினுள் நீர் நிரப்பி, காற்று முற்றாக வெளியேறிய பின்னரே அதனை இயக்குதல் வேண்டும். நீரின்றிச் சுழலும் பம்பியின் சீல் சூடேறிக் கெட்டுவிடும். நிரப்பிய நீர் விரைவில் இறங்கிவிடுமாயின், அடிவால்வில் மணலோ சருகோ சிக்கியிருத்தல் கூடும். அன்றி அதன் அடைப்பு தேய்ந்திருத்தல் கூடும். அடிவால்வு எப்பொழுதும் நீரில் நன்கு அமிழ்ந்திருத்தல் வேண்டும். கிணற்றின் அடிச்சேற்றைத் தொடுதல் ஆகாது. எஞ்சின் பம்பியாயின், எண்ணெயின் அளவை நாள்தோறும் பார்த்து, கைந்நூலிற் கூறிய மணித்தியாலக் கணக்கின்படி மாற்றுக.

நீர் விட்டு விட்டு வந்தால்

உறிஞ்சு குழாயின் மூட்டுக்களைச் சோதிக்குக. அம்மூட்டிலுள்ள வெடிப்பினால் நீர் வெளியே கசியாது. காற்றே உள்ளே இழுக்கப்படும். ஆதலால் இக்குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பி ஓடும்பொழுது ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைத் தடித்துப் பூசுக. எம்மூட்டிற் பூசியவுடன் நீர் சீராகின்றதோ, அங்கேயே பழுது உள்ளது.

உயிராபத்து

மேலிருந்து உறிஞ்சும் பம்பி ஏறத்தாழ 25 அடிக்குக் கீழுள்ள நீரை நன்கு இழுக்கமாட்டாது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. கிணற்றினுள் தங்கி ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க மற்றவர் உடனே இறங்குவதும் உயிருக்கு ஆபத்தாகும். ஆழத்திலிருந்து இறைப்பதற்கு, தரையிணைப்பும் ட்ரிப் சுவிட்சும் உடைய, நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியே ஏற்றது. எந்த மின்பம்பியையும் தொடுமுன் பிரதான சுவிட்சை நிறுத்துக.

கிணறு வற்றும்வரை இறைத்தலும் நன்றன்று. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையில் நன்னீர் உவர்நீரின் மேலே மிதந்து நிற்கின்றது. அளவிறந்து இறைப்பின் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து பயிரையும் மண்ணையும் கெடுக்கும்.

நீர்த்தாங்கி

தாங்கியின் மூடி எப்பொழுதும் இடைவெளியின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி வளரும். நுளம்பு புகுந்தால் டெங்கு பரவ இடமுண்டாகும். அடிக்குழாயை மாதம் ஒருமுறை திறந்து வண்டலை வெளியேற்றுக. ஆண்டுக்கு இருமுறையேனும் தாங்கியை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுக. சுண்ணாம்பு நீரினால் மிதவை வால்வில் வெண்ணிறப் படிவு உண்டாகும். அதனாலேயே வால்வு முற்றாக மூடாது நீர் வழிந்தோடுகின்றது. வால்வைக் கழற்றி வினாகிரியிற் சில மணித்தியாலம் ஊறவைத்தால் படிவு கரையும். பின்னர் நன்னீரிற் கழுவிப் பூட்டுக.

இறைப்புக் காலம் முடிந்ததும்

பம்பியிலுள்ள நீரை வடித்து, எஞ்சினில் எஞ்சிய எரிபொருளை அகற்றி, மழைபடாத இடத்தில் வைக்குக. எண்ணெய் மாற்றிய நாளையும் தாங்கி கழுவிய நாளையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் நன்று. அடிவால்வின் அடைப்பொன்றையும் சீலொன்றையும் அடுத்த செய்கைக்கு முன்னரே வாங்கி வைத்திருப்பவர், பயிர் வாடும் வேளையிற் கடைதேடி அலையவேண்டியதில்லை.