இறால் கணக்கும் எக்செல்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வீட்டில் சின்னதாக ஒரு வியாபாரம் நடந்தால் அதன் கணக்கை எக்செல்லில் ஏற்றிப் பாருங்கள். டேட்டா என்றால் பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். பழவேற்காடு ஏரிப் பக்கம், எளாவூர்ச் சுற்றுவட்டாரத்தில் இறால், நண்டு வாங்கி விற்பவரின் நோட்டில் இருப்பதும் டேட்டாதான்.

அந்த நோட்டுக்கு நாம் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். அமெரிக்கா, 2018 டிசம்பர் 31 முதல், இறக்குமதியாகும் இறால் எங்கே பிடிக்கப்பட்டது அல்லது வளர்க்கப்பட்டது என்பது வரை பதிவு கேட்கிறது. ஐரோப்பிய யூனியன் 2010 முதல் கடலில் பிடித்த மீனுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஐஸ் பெட்டியில் கலந்த பிறகு எது எந்தக் குளத்து இறால் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? சோதனையில் ஆன்டிபயாடிக் மருந்தின் மிச்சம் தெரிந்தால், எழுதி வைத்தவர்தான் தப்பிக்க முடியும்.

சரி, எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். ஒரு கொள்முதலுக்கு ஒரு வரிசை. தேதி, ஆள் எண், ஊர், இனம், கவுண்ட், எடை, விலை, தொகை என்று தலைப்புகள் இடவும். கவுண்ட் என்பது ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. 30 கவுண்ட் இறால், 50 கவுண்ட் இறாலைவிடப் பெரியது, விலையும் கூடுதல். இதைக் குறிக்காமல் போன மாத விலையையும் இந்த மாத விலையையும் ஒப்பிடுவது வீண் வேலை.

எடைக் கட்டத்தில் "12 கிலோ" என்று டைப் செய்யாதீர்கள். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக் கொண்டு, கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். 12 மட்டும் போதும். கிலோ என்பதைத் தலைப்பில் போடலாம். தேதியிலும் கவனம் தேவை. விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4-3 என்பது ஏப்ரல் 3 ஆகிவிடும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றிக் கொள்ளவும்.

அடுத்தது ஆள் எண். இதைத்தான் முக்கியம் என்பேன். ஒரே குப்பத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் பெயரையே ஒரு நாள் ஆறுமுகம் என்றும், மறுநாள் ஆர்முகம் என்றும் அடித்தால் கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு ஆள். முன்பணம் ஒரு பெயரிலும், அதற்காக அவர் கொடுத்த இறால் இன்னொரு பெயரிலும் ஏறினால், கடனை அடைத்தவர் கடன்காரராகவே நிற்பார். எனவே தனி ஷீட்டில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, பெயர், ஊர், தகப்பனார் பெயர் எழுதவும். பிறகு கொள்முதல் ஷீட்டில் ஆள் எண் பத்தியைத் தேர்வு செய்து டேட்டா, டேட்டா வேலிடேஷன் சென்று, 'அலவ்' என்ற இடத்தில் 'லிஸ்ட்' கொடுங்கள். 'சோர்ஸ்' கட்டத்தில் அந்த எண்களைக் காட்டி ஓகே கிளிக் செய்யவும். இனி பட்டியலில் இல்லாத எண்ணை டைப் செய்தால் எக்செல் ஏற்காது.

சராசரி விலை பார்க்கும்போது ஒரு பொறி உண்டு. 1 கிலோ 500 ரூபாய்க்கும், 99 கிலோ 300 ரூபாய்க்கும் வாங்கியிருந்தால் விலைகளின் சராசரி 400 என்று வரும். உண்மையில் நீங்கள் கொடுத்தது கிலோவுக்கு 302 ரூபாய்தான். மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுக்கவும்.

பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கம் உண்டு. அது ஊரறிய வேண்டிய விவரம். யாருக்கு எவ்வளவு கடன் என்பது அப்படியல்ல. ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக் வழியாகப் பாஸ்வேர்ட் போடவும். மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் போல இன்னொன்று வந்தால், கம்ப்யூட்டரும் பென் டிரைவும் ஒரே மேஜையில் நனையக் கூடாது.