வௌவாலின் கடிகாரம்

இரவில் வௌவால் புறப்படுவது இருட்டைக் கண்டா, தன்னுள் உள்ள கடிகாரத்தாலா? அதன் நடமாட்டத்தை மணிதோறும் பத்து நாள் பதிந்தால் 240 எண்கள் கிடைக்கும். அவ்வரிசையை 22, 23, 24, 25 மணி எனப் பல நீளங்களில் நறுக்கி, துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பேன். பொருந்தாத நீளத்தில் மேடும் பள்ளமும் கலந்து மட்டமாகிவிடும். பொருந்தும் நீளத்தில் மேடு ஓங்கி நிற்கும். அதுவே தாளத்தின் கால அளவு. நாளுக்கு அரைமணி வேற்றுமையும் பத்து நாளில் ஐந்து மணியாகிப் புலப்படும்.

பிற்காலத்தில் நம் பெங்களூர் ஜவாகர்லால் நேரு மையத்தில் பணியாற்றிய எம். கே. சந்திரசேகரன், மதுரைக் குகை வௌவால்களைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1981-இல் முடிவை வெளியிட்டார். இருளில் தனித்திருந்த வௌவாலின் தாளம் 24 மணியிலிருந்து விலகியது. கூட்டம் உடனிருந்தபோது அதனோடு ஒத்தது. பகலிரவு 24 மணியில் சுழல்கிறது. அதிலிருந்து விலகும் தாளம் வெளியிலிருந்து வந்ததன்று; உயிரினுள்ளே பிறந்ததே எனத் தெளிக.