நரம்பு நெடுவழியில் ஓரெழுத்துப் பிழை

'வழி' என்று எழுதவேண்டிய இடத்தில் மாணவர் 'வலி' என்று எழுதின், தமிழாசிரியராகிய நாம் சிவப்பு மையால் திருத்துகின்றோம். உடலினுள்ளும் அத்தகைய எழுத்துப்பிழை நேர்வதுண்டு.

மூளையினின்று இறங்கிக் கால்களை ஆளும் நரம்புக்கலங்களின் நார்கள் ஏறத்தாழ அரை மீற்றர் நீள்வன. அவற்றின் குழியவன்கூட்டிலுள்ள நுண்புன்குழாய்களே பாதை. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார்போல, கலவுடலில் ஆக்கிய பொருள்களை நார்நுனிக்குச் சுமந்து செல்வது 1985 இல் கண்டறியப்பட்ட கைனசின் என்னும் புரதம். கைனசின் வகையொன்றை ஆக்கும் பரம்பரையலகில் ஓரெழுத்துப் பிறழ்ந்தாலே சுமை தடைப்படலாம். நெடிய நாரின் நுனி நலியும். கால்கள் விறைத்து நடை தளரும். இவ்வுண்மை 2002 இல் வெளியாயிற்று.

நம் பிழைக்குச் சிவப்பு மை உண்டு. அப்பிழைக்கு மருந்து இன்னும் இல்லை. நம் மாணவருள் ஒருவர் அதனைக் காண்பாராக.